உச்சரிப்பு, ஐந்துக்கு இரண்டு

ஒரு குரலுக்கு நாலரை ரூபாய்.
தொண்ணூறு விநாடிக்கு மேல் போகாது.
விடியற்காலை நாலரைக்கு வரத் தொடங்கும்.
அங்கே அப்போது ஏழு மணி.
பள்ளிக்கூடம் புறப்படுமுன்
சீனத்துப் பிள்ளைகள் வரிசையாக
என் காதில் இங்கிலீஷ் பேசிவிட்டுப் போகிறார்கள்.
பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம்.

இந்த மாதத் தலைப்பு:
உங்கள் ஊர் ஆற்றைப் பற்றிச் சொல்லுங்கள்.
எல்லா ஆறும் தாயைப் போன்றது.
எல்லாக் கரையிலும் யாரோ பட்டம் விடுகிறார்கள்.
கடைசி வரியில் எல்லாரும் ஆற்றைக் காப்பாற்றுகிறார்கள்.
ஏதோ ஒரு டியூஷன் வாத்தியார் எழுதிக்கொடுத்த ஆறு.
பத்தாம் வகுப்பில் எனக்கும் இதே ஆறுதான் வந்தது.
நெட்டுருப் போட்டு ஒப்பித்தேன், எட்டு மதிப்பெண்.
அந்த வருஷம் ஓடம்போக்கியில்
ஓடம் போகவில்லை, மணல் லாரி போனது.

அவள் எண் 7140.
ஆங்கிலத்துக்காக ஒரு பெயர் வைத்திருந்தாள்:
"ழூபி."

ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மாட்டினேன்.
ழூபிதான்.
அப்புறம் ழிவர். ழெய்ன். ழைஸ்.
மொழிக்கு முதலில் வராது என்று
இலக்கணம் வாசலிலேயே நிறுத்திய எழுத்து
செருப்பைக்கூடக் கழற்றாமல்
நேரே உள்ளே வந்தது.

எங்கள் ஊருக்கும் ஒரு ழ உண்டு,
பெயர்ப்பலகையில். கீழ்வேளூர்.
நாகப்பட்டினம் பஸ்ஸில் கண்டக்டர் கூவுவது கீவளூர்.
இறங்குகிறவர்கள் இறங்குவது கீவளூரில்.
விண்ணப்பப் படிவம் தவிர
வேறெங்கும் நானும் கீவளூர்க்காரிதான்.
என் தம்பி இளவழகன்
தன் பெயரையே இளவளகன் என்கிறான்.
கடைத்தெருக் கூட்டத்தில் மைக் அலறுகிறது:
தமிள் வாள்க.
வாளை யார் எடுப்பது என்று யாரும் கேட்பதில்லை.

நாக்கு அளவுக்கு மீறி மடிகிறது, பிழை எண் ஆறு.
உச்சரிப்பு: ஐந்துக்கு இரண்டு.
குறிப்புகள் மொத்தம் பதினொன்று,
அதில் ஒன்றைத் தொட வேண்டும்.
ஆர் ஒலியில் கவனம் தேவை, தொட்டேன்.
இப்படியே இரு என்றொரு குறிப்பு
பட்டியலில் இல்லை.

மூன்றாம் வாரம் அவள் எழுதிக்கொடுத்த ஆற்றை விட்டு இறங்கினாள்.
தட்டுத்தடுமாறி, காலம் எல்லாம் தப்பாக:
ஆறு எங்கள் வயலுக்கு வருகிறது, ராத்திரி.
அம்மா அழவில்லை.
அம்மா மூட்டை எண்ணுகிறாள்.
பின்னால் ஒரு கரண்டி விழுந்தது.
ஒரு பெண்குரல் "யூச்சிங்" என்றது, கோபமாக.

தலைப்பை விட்டு விலகினால் அரை மதிப்பெண் கழிக்க வேண்டும்.
கழிக்கவில்லை.
மேற்பார்வை பிரதீக்ஷா கேட்டால்
கரண்ட் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.
எங்கள் வீட்டிலும் மூட்டை எண்ணியிருக்கிறோம்,
அந்தப் பொங்கல் மழையில்,
முளைத்ததைத் தனியாக, முளைக்காததைத் தனியாக.
ஆனால் ஆருக்கு இரண்டுதான் போட்டேன்.
அடுத்த வாரமும் இரண்டு.
அதற்கடுத்த வாரம் மூன்று.

பிள்ளை பயிற்சி எடுக்கிறாள், தெரிந்தது.
நாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துகிறாள்,
கோணல் கம்பியைத் தட்டித் தட்டி நேராக்குவதுபோல.
சுத்தியல் என் கையில் இருந்தது.

ஜூன். மேட்டூரைத் திறந்துவிட்டார்கள்,
கடைமடைக்குத் தண்ணீர் இன்னும் வந்துசேரவில்லை.
பரீட்சைக்கு முந்தின நாள் கடைசிப் பதிவு.
"ரூபி" என்றாள்.
ரிவர், ரெய்ன், ரைஸ்.
ஆறு தாயைப் போன்றது. கரையில் பட்டம்.
வயல் இல்லை, மூட்டை இல்லை.
ஐந்துக்கு ஐந்து.

எண்பத்தேழாம் விநாடியில் யாரோ கூப்பிட்டார்கள்.
மைக்கை அணைக்க மறந்து
தன் பாஷையில் ஏதோ பதில் சொன்னாள், ரெண்டே வார்த்தை.
அதில் இருந்தது, முழுசாக, மடிந்து.

ஒரு பதிவை இரண்டாம் முறை கேட்கக் காசு கிடையாது.
நாலு முறை கேட்டேன்.